நிலம் தீர்ந்த நாட்டின் அரசியல்: நவூரு எதை விற்கிறது, ஏன்?

2024 ஜனவரி 13ஆம் தேதி தைவானில் அதிபர் தேர்தல் நடந்தது. அடுத்த இரண்டு நாளில், பசிபிக் பெருங்கடலின் நடுவே நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் நவூரு என்ற தீவு நாடு, தைவானுடனான தூதரக உறவை முறித்துக்கொண்டு சீன மக்கள் குடியரசை அங்கீகரிப்பதாக அறிவித்தது. சீனாவின் இடம் சீன மக்கள் குடியரசுக்கே உரியது என்று 1971இல் முடிவு செய்த ஐ.நா. பொதுச்சபையின் 2758ஆம் தீர்மானத்தை அது காரணமாகக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் பணத்தில் நடந்துவந்த அகதிகள் முகாம் ஏறக்குறைய காலியானதால் வருவாயில் விழுந்த ஓட்டையை அடைக்க நவூரு பெருந்தொகை கேட்டது என்றும், அது கிடைக்காததால்தான் அணி மாறியது என்றும் தைவான் தரப்பிலிருந்து வந்த செய்திகள் கூறின. ஏறத்தாழ 12,000 மக்களும் 21 சதுர கிலோமீட்டர் நிலமும் கொண்ட ஒரு நாடு தன் அங்கீகாரத்தை ஏலத்துக்கு விட்டது என்ற கோணத்திலேயே அந்த அறிவிப்பு பெரும்பாலும் பார்க்கப்பட்டது.

நடந்தது பேரம்தான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாடு அந்த நிலைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நவூருவிடம் விற்பதற்கு இருந்த பண்டம் அதன் மண் ஒன்றுதான். அதில் ஒரு பகுதியைப் பிறர் மலிவு விலைக்கு அள்ளிச் சென்றார்கள். மீதியை நவூருவினரே விற்றுத் தீர்த்தார்கள். அதன்பின் கையில் மிஞ்சியது தனி நாடு என்ற தகுதியும், அந்தத் தகுதியோடு சேர்ந்து வரும் வாக்கு, கையெழுத்து, கடல் எல்லை ஆகியவையும்தாம். கடந்த முப்பது ஆண்டுகளாக அந்நாட்டு அரசியல் இந்த இறையாண்மையை யாருக்கு, என்ன விலைக்கு, எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்பதைச் சுற்றியே நடந்துவருகிறது.

நவூருவின் கரையோரத்தில் ஒரு குறுகிய வளையம் போலக் குடியிருப்புகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மேட்டு நிலத்தை அங்குள்ளவர்கள் டாப்சைடு என்று அழைக்கிறார்கள். 1888இல் ஜெர்மனி தன்னுடன் இணைத்துக்கொண்ட இந்தத் தீவில், 1900ஆம் ஆண்டு வாக்கில் மிக உயர்ந்த தரமுள்ள பாஸ்பேட் இருப்பது தெரியவந்தது. சில ஆண்டுகளிலேயே சுரங்க வேலை தொடங்கியது. முதல் உலகப்போரில் தீவு ஆஸ்திரேலியாவின் கைக்கு வந்தது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையர்கள் என்ற அமைப்பை உருவாக்கிச் சுரங்கத்தை வாங்கின. பங்கு 42, 42, 16 விழுக்காடு என்று பிரிக்கப்பட்டது. இந்த அமைப்பு பாஸ்பேட்டை உலகச் சந்தை விலைக்கு விற்கவில்லை. தோண்டி ஏற்றும் செலவுக்கு ஈடான விலையில் மூன்று நாடுகளுக்கும் கொடுத்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களும் கோதுமை வயல்களும் பல பத்தாண்டுகள் இந்த மலிவு உரத்தில் விளைந்தன. நில உடைமையாளர்களான நவூருக் குடும்பங்களுக்கு உரிமத்தொகை என்ற பெயரில் கிடைத்தது அதன் மதிப்பில் மிகச் சிறிய பங்கு. பாஸ்பேட் எடுத்த இடத்தில் மிஞ்சுவது பவளச் சுண்ணாம்புப் பாறையின் கூர்முனைகள் மட்டுமே. அவற்றின் மேல் வீடு கட்ட முடியாது, பயிர் செய்ய முடியாது, நடந்து கடப்பதும் அரிது.

இரண்டாம் உலகப்போரில் தீவைப் பிடித்த ஜப்பானியப் படை 1,200 நவூருவினரை ட்ரக் தீவுகளுக்கு (இன்றைய மைக்ரோனேசியாவின் சூக்) கட்டாய வேலைக்குக் கொண்டுசென்றது. அவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். அவர்கள் கரை இறங்கியது 1946 ஜனவரி 31. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுதலை பெற்றபோது அதே தேதியையே நவூரு விடுதலை நாளாகத் தேர்ந்துகொண்டது. இடையில் 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஒரு யோசனையை முன்வைத்தது: பாஸ்பேட் தீர்ந்ததும் தீவு வாழத் தகாததாகிவிடும் என்பதால், மக்கள் அனைவரையும் குயின்ஸ்லாந்து கரையோரத்திலுள்ள கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயர்க்கலாம் என்பதே அது. அங்கும் தங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று நவூருத் தலைவர்கள் கேட்டார்கள். ஆஸ்திரேலியா அதற்கு இசையவில்லை. ஆஸ்திரேலியக் குடிமக்களாகக் கரைந்துபோக நவூரு இசையவில்லை. வசதியான நிலத்தை மறுத்துச் சிதைந்த தீவோடு நின்றவர்கள் எதை முதன்மையாக எண்ணினார்கள் என்பதை இந்த முடிவு சொல்கிறது. இன்று அவர்களின் இறையாண்மையை மலிவாகப் பேசுகிறவர்கள் இந்த முடிவைக் கணக்கில் எடுப்பதில்லை.

1968இல் ஹாமர் டி ரோபர்ட் முதல் அதிபரானார். சுரங்கத்தை 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து நவூரு வாங்கியது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் தலா வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளோடு வைத்து எண்ணப்பட்டது. பாஸ்பேட் தீரும் நாளுக்கென்று அறக்கட்டளை நிதி ஒன்றை வைத்துப் பணம் சேர்த்தார்கள். 1977இல் மெல்போர்னில் எழுந்த 52 மாடி நவூரு ஹவுஸ் அந்த நிதியின் முகமாக இருந்தது. நிதியை நிர்வகித்த விதம் மோசமானது. ஆதாயமற்ற முதலீடுகள், வெளியாட்களின் ஆலோசனையை நம்பி இறங்கிய திட்டங்கள், நாட்டின் அளவுக்குப் பொருந்தாத விமான நிறுவனம், பற்றாக்குறையை மறைக்க வாங்கிய கடன் என்று எல்லாம் சேர்ந்து அதைக் கரைத்தன. 2004இல் நவூரு ஹவுஸ் கடனுக்காக விற்கப்பட்டது. 2005 இறுதியில் ஏர் நவூருவின் கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசு வங்கி நொடித்ததில் மக்கள் சேமிப்பை இழந்தார்கள். இந்தத் தவறுகள் நவூருத் தலைவர்களுடையவை. ஆனால் ஒரே பண்டத்தை நம்பிய, கணக்கறிந்த அதிகாரிகளை உருவாக்காமலே விடப்பட்ட ஒரு சிறிய நாட்டின் கையில் திடீரென்று பெரும்பணம் சேர்ந்தபோது நேர்ந்தவை அவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டுகளில் நவூரு செய்த ஒரு காரியம் போதிய கவனம் பெறவில்லை. விடுதலைக்கு முன் தோண்டப்பட்ட, தீவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தைச் சீரமைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்று ஆராய 1986இல் ஒரு விசாரணை ஆணையத்தை அது அமைத்தது. அதன் தலைவர் இலங்கை உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியும் சட்டப் பேராசிரியருமான சி. ஜி. வீரமந்திரி. பொறுப்பு மூன்று நிர்வாக அரசுகளுடையது என்று ஆணையம் முடிவுக்கு வந்தது. 1989இல் நவூரு ஆஸ்திரேலியாவை சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. பிரிட்டனும் நியூசிலாந்தும் இல்லாமல் தன்மீது மட்டும் வழக்கு நடத்த முடியாது என்று ஆஸ்திரேலியா எழுப்பிய தடையை நீதிமன்றம் 1992 ஜூன் 26 அன்று தள்ளியது. அதற்குள் வீரமந்திரி அதே நீதிமன்றத்தின் நீதிபதியாகியிருந்தார். முன்பு ஆணையத் தலைவராக இருந்ததால் இந்த வழக்கிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். தீர்ப்பு வரை போகாமல் 1993இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பட்டது. அதில் பாதிக்கும் சற்றுக் கூடுதலான தொகை உடனடியாகவும் மீதி இருபது ஆண்டுகளில் தவணையாகவும் கொடுக்கப்பட்டது. தன்னை ஆண்ட நாட்டை உலக நீதிமன்றத்தில் நிறுத்தி, சுற்றுச்சூழல் சேதத்துக்குப் பணம் பெற்ற முதல் சிறு நாடுகளில் நவூரு ஒன்று. காலநிலை மாற்றத்துக்கு இழப்பீடு கேட்டுத் தீவு நாடுகள் இன்று நீதிமன்றங்களை நாடும்போது நடப்பது இந்தத் தடத்தில்தான்.

பாஸ்பேட் குறைந்த 1990களில் நவூரு வேறு வழிகளைத் தேடியது. பெயரளவில் மட்டும் வங்கி நடத்த வெளிநாட்டவருக்கு உரிமம் கொடுத்தது. 1998இல் ரஷ்யாவிலிருந்து ஏறக்குறைய 7,000 கோடி டாலர் இந்தத் தீவில் பதிவான வங்கிகள் வழியாகச் சென்றது என்று ரஷ்ய மத்திய வங்கி கூறியது. பண மோசடித் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பு 2000இல் நவூருவைக் கறுப்புப் பட்டியலில் வைத்து, 2005இல்தான் விடுவித்தது. பாஸ்போர்ட் விற்பனையும் நடந்தது. பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டோரிடம் நவூருவின் பாஸ்போர்ட் இருந்தது தெரிந்து, 2003இல் அது நிறுத்தப்பட்டது.

அப்போதுதான் ஆஸ்திரேலியா ஒரு புதிய தேவையோடு வந்தது. 2001 ஆகஸ்டில் நார்வேக் கப்பலான டாம்பா, மூழ்கவிருந்த படகிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட அகதிகளை மீட்டது. அவர்களைத் தன் மண்ணில் இறங்கவிட ஆஸ்திரேலியா மறுத்தது. சில நாள்களிலேயே, 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் உதவிக்கு ஈடாக, அவர்களில் பெரும்பாலோரைத் தங்கவைக்க அதிபர் ரெனே ஹாரிஸ் ஒப்புக்கொண்டார். சம்பளம் கொடுக்கவும் எரிபொருள் வாங்கவும் தடுமாறிக்கொண்டிருந்த அரசு அது. 2008இல் மூடப்பட்ட முகாம் 2012இல் மீண்டும் திறந்தது. படகில் வருகிறவர்கள் ஒருபோதும் ஆஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று 2013 ஜூலையில் அந்நாடு அறிவித்த பிறகு, பலருக்கு அது முடிவு தெரியாத காத்திருப்பாக மாறியது. குழந்தைகள் உட்பட முகாமிலிருந்தவர்களின் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தாக்குதல், பாலியல் துன்புறுத்தல் பற்றிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள் அறிக்கைகள் 2016இல் கசிந்து வெளியாயின. பன்னாட்டுப் பத்திரிகையாளர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கவே 8,000 ஆஸ்திரேலிய டாலர் என்று 2014இல் கட்டணம் உயர்த்தப்பட்டது. திருப்பித் தரப்படாத அந்தக் கட்டணம் தீவின் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது.

தமிழ் வாசகர்களில் பலர் நவூரு என்ற பெயரைக் கேட்டதே இந்த முகாமால்தான். 2007இல் எண்பதுக்கும் மேற்பட்ட இலங்கையர் அங்கு அனுப்பப்பட்டார்கள். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து படகில் புறப்பட்ட 157 ஈழத் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே இடைமறிக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பலிலேயே அடைத்துவைக்கப்பட்டார்கள். அவர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பும் முயற்சி நிறைவேறாமல், ஆகஸ்டுத் தொடக்கத்தில் இரவோடிரவாக நவூருவுக்கு விமானத்தில் ஏற்றப்பட்டார்கள். கடலில் அவர்களைத் தடுத்துவைத்தது சட்டப்படி சரியே என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற வாக்கில் முடிவு செய்தது. முள்ளிவாய்க்காலுக்குப் பின்னும் பாதுகாப்பைத் தேடி ஓடியவர்களை இரண்டு பெருங்கடல்களைத் தாண்டித் தொலைவில் வைக்க, வேறொரு சிறிய மக்களின் வறுமை பயன்படுத்தப்பட்டது. இங்கே இரு தரப்பும் பலியானவர்களே என்று நான் கருதுகிறேன். அதைச் சொல்லாமல் நவூருவினரைச் சிறைக்காவலர்களாக மட்டும் வரைவது நியாயமாகாது.

இத்தகைய உடன்பாடுகள் உள்நாட்டில் எப்படி நிறைவேறுகின்றன என்பதற்கு நவூருவின் நாடாளுமன்றத்தைப் பார்க்க வேண்டும். உறுப்பினர்கள் 19 பேர்; பதவிக்காலம் மூன்று ஆண்டு. கட்டாய வாக்களிப்பு நடைமுறையில் உள்ளது. வாக்காளர் எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு ஒரு வாக்கு, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று என்று எண்ணுகிறார்கள். உலகில் வேறெங்கும் அரிதான முறை இது. உறுதியான கட்சிகள் இல்லை. உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரை அதிபராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரே அரசின் தலைவரும் நாட்டின் தலைவரும். இரண்டு மூன்று பேர் பக்கம் மாறினால் அரசு கவிழும். 1999க்கும் 2003க்கும் இடையில் பெர்னார்ட் டவியோகோவும் ஹாரிஸும் மாறிமாறி அதிபராக இருந்தார்கள். 2010இல் அவை 9க்கு 9 என்று பிளந்து, அடுத்தடுத்து இரண்டு தேர்தல் நடந்தும் தீராமல், பல மாதங்களுக்குப் பிறகே அதிபர் தேர்வானார். உறுப்பினர் எண்ணிக்கை 18இலிருந்து 19 ஆனது இதன் பிறகுதான்.

இப்படிப்பட்ட அவையில் பெரிய கட்டுப்பாடு எதுவும் உள்ளிருந்து வராது; நீதிமன்றமும் பத்திரிகையும் அதைத் தர வேண்டும். முகாம் பணம் பெருகிய ஆண்டுகளில் இரண்டுமே தளர்ந்தன. 2014இல் ஆஸ்திரேலியரான குற்றவியல் நடுவர் நாடு கடத்தப்பட்டார். தலைமை நீதிபதியின் விசா ரத்தானது. வெளிநாட்டு ஊடகங்களிடம் அரசைக் குறைகூறிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2015 ஜூனில் நாடாளுமன்றத்தின் முன் நடந்த போராட்டத்துக்காக வழக்குத் தொடுக்கப்பட்ட 19 பேரின் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1976இல் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி நவூருவின் மேல்முறையீடுகள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்குப் போய்வந்தன. 2018 மார்ச்சில் அந்த வழி மூடப்பட்டு, சொந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. சொந்த நீதிமன்றம் என்பது கொள்கையளவில் சரியானது. ஆனால் அந்த 19 பேர் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் நீதி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கதவு மூடப்பட்டதைத் தற்செயல் என்று ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

அங்கீகாரத்தின் கதை சிறியது. தைவானோடு 1980 முதல் உறவு, 2002இல் சீனா, 2005இல் மீண்டும் தைவான், 2024இல் மீண்டும் சீனா. 2009 டிசம்பரில் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசேடியாவையும் அங்கீகரித்தது. அதற்கு ரஷ்யா 5 கோடி டாலர் உதவி கொடுக்கவிருப்பதாகச் செய்திகள் வந்தன. ஐ.நா.வில் ஒரு வாக்கு இருப்பதால் கிடைக்கும் வருமானம் இது.

2024இன் மாற்றம் ஆஸ்திரேலியாவை உலுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐந்தாண்டுகளில் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் பட்ஜெட் உதவி, காவல் துறைக்கும் பாதுகாப்புக்கும் 4 கோடி, தீவில் சேவை தர ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி ஆகியவை நவூருவுக்குக் கிடைத்தன. மாற்றாக, பாதுகாப்பு, வங்கி, தொலைத்தொடர்பு ஆகிய துறைகளில் மூன்றாம் நாடு ஏதும் நுழைவதானால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். துறைமுகம், விமானப் போக்குவரத்து போன்ற முக்கியக் கட்டமைப்புகளில் ஆஸ்திரேலியாவைக் கலந்தாலோசிக்க வேண்டும். நடைமுறையில் இது ஒரு தடை அதிகாரம். 2025 ஆகஸ்டில் இன்னொரு உடன்பாடு வந்தது. காலவரையற்ற குடிவரவுத் தடுப்புக்காவல் சட்டவிரோதம் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்ததால் விடுவிக்கப்பட்ட, வேறெந்த நாடும் ஏற்காத ஏறத்தாழ 350 பேரை நவூரு ஏற்க வேண்டும் என்பது அது. அவர்களில் குற்றத் தண்டனை முடித்தவர்களும் உண்டு. முதல் குழு வந்ததும் 40.8 கோடி ஆஸ்திரேலிய டாலர், பிறகு ஆண்டுக்கு 7 கோடி. வருகிறவர்களுக்கு 30 ஆண்டு விசா. 12,000 பேர் வாழும் தீவில் இப்படியொரு முடிவுக்குப் பொது விவாதம் இன்றியமையாதது. அமைச்சர்கள் கையெழுத்திட்ட பிறகே இரு நாட்டு மக்களுக்கும் விவரம் தெரிந்தது.

கடலிலும் இதே கணக்கு ஓடுகிறது, ஆனால் இரண்டு விதமாக. முதலாவது ஆழ்கடல் சுரங்கம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியில் தோண்ட விரும்பும் நிறுவனத்துக்கு ஒரு நாட்டின் பரிந்துரை வேண்டும். நோரி என்ற நிறுவனத்துக்கு நவூரு அதைத் தந்தது. அந்த நிறுவனம் இன்று கனடாவைச் சேர்ந்த தி மெட்டல்ஸ் கம்பெனியின் கையில் இருக்கிறது. சேதம் நேர்ந்தால் பரிந்துரைத்த நாட்டின் பொறுப்பு எவ்வளவு என்ற கேள்வியையும் நவூருவே எழுப்பியது. வளரும் நாடு என்பதால் கண்காணிப்புக் கடமை குறையாது என்று பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் கடலடித் தகராறுகளுக்கான அமர்வு 2011 பிப்ரவரியில் கருத்துரைத்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் 2021 ஜூனில், இரண்டாண்டுக்குள் சுரங்க விதிகளை முடிக்க வேண்டும் என்ற பிரிவை நவூரு இயக்கி, ஜமைக்காவின் கிங்ஸ்டனிலுள்ள பன்னாட்டுக் கடலடி ஆணையத்தை நெருக்கடிக்கு உள்ளாக்கியது. பலாவ், ஃபிஜி, வனுவாட்டு போன்ற அண்டை நாடுகள் இடைக்காலத் தடை கேட்டுக்கொண்டிருந்தன. 2025இல் அந்த நிறுவனம் ஆணையத்தைச் சுற்றிக்கொண்டு அமெரிக்கச் சட்டத்தின் கீழ் உரிமம் கோரியது. தன் மேட்டுநிலத்தைச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்த நாடு, கடலடியைச் சுரங்கத்துக்குத் திறக்க முன்னிற்பது எனக்கு வேதனை தருகிறது. நிறுவனத்தின் பலம் அமெரிக்காவிடம் இருக்க, பொறுப்பு மட்டும் தீவின் பெயரில் நிற்கக்கூடிய ஏற்பாடு இது.

இரண்டாவது வழி இதைவிடத் தெளிவான பாடம் தருகிறது. 1982இல் நவூருவில் கையெழுத்தான ஓர் உடன்பாட்டின்படி, சூரை மீன் மிகுந்த கடல்களைக் கொண்ட எட்டு பசிபிக் நாடுகள் மீன்பிடி உரிமையைச் சேர்ந்தே விற்கின்றன. முன்பு தொலைதூரக் கப்பல் நாடுகள் ஒவ்வொரு தீவையும் தனித்தனியே விலை குறைக்க வைத்தன. 2007க்குப் பின், எட்டு நாடுகளும் கப்பல்கள் மீன்பிடிக்கும் நாள்களுக்கு மொத்த வரம்பு வைத்து, ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 8,000 அமெரிக்க டாலர் அளவுக்கு விலை நிர்ணயித்தன. வருமானம் பல மடங்கு ஏறியது, மீன் வளமும் காக்கப்பட்டது. இங்கும் விற்கப்படுவது இறையாண்மைதான். ஆனால் ரகசியப் பேரம் இல்லை, ஒரே வாங்குபவரை நம்பும் நிலையும் இல்லை. நவூருவுக்குப் பேரம்பேசும் வலிமை எங்கே கிடைக்கிறது என்று பார்த்தால், தன்னைப் போன்ற நாடுகளோடு சேர்ந்து நிற்கும்போதுதான்.

இந்தப் பணமெல்லாம் போய்ச்சேர வேண்டிய இடம் டாப்சைடு. கடல் மட்டம் உயர்வதால் கரையோர வளையத்திலுள்ள குடியிருப்புகளைப் படிப்படியாக மேட்டுக்கு மாற்றும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு நிதி திரட்டத்தான் 2024 நவம்பரில், பாகு காலநிலை மாநாட்டின்போது, 1,05,000 அமெரிக்க டாலர் என்ற விலையில் குடியுரிமை விற்கும் திட்டத்தை நவூரு மீண்டும் தொடங்கியது. வீரமந்திரி ஆணையம் சீரமைக்கச் சொன்ன நிலத்தில் மிகச் சிறிய பகுதியே இதுவரை சமப்படுத்தப்பட்டுள்ளது. கூர்முனைகளை உடைத்து, மண் நிரப்பி, தண்ணீரும் மின்சாரமும் சாலையும் கொண்டுவர வேண்டும். அதைவிடச் சிக்கலானது உடைமை: தீவின் நிலம் அரசுடையதன்று, தலைமுறைகளாகப் பிரிந்து பிரிந்து வந்த குடும்பப் பங்குகள் அவை. கரையில் வீடு இழக்கும் குடும்பத்துக்கு மேட்டில் யாருடைய பங்கில் இடம் கொடுப்பது, ஒரு காலத்தில் பாஸ்பேட் உரிமத்தொகை வாங்கிய குடும்பங்கள் அந்த நிலத்தை என்ன ஏற்பாட்டில் விட்டுத்தருவது என்பவற்றை எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும் தீர்க்க முடியாது. அவற்றைத் தீர்க்க வேண்டியவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் அந்த 19 பேரும், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களும்தாம்.